‘என்ர பேருல வர்ற சீட்டு’

வாசகர் கேள்வி: வழக்கறிஞர் பதில்

ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகுதியின் பெயரை மட்டும் ஒரு காரணத்துக்காக அப்படியே விட்டிருக்கிறேன்.

அவருக்கு வயது 44. திருப்பூரில் கணவரோடு சேர்ந்து சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். 71 வயதான அம்மா மொடக்குறிச்சித் தொகுதியில், கீழ்பவானி வாய்க்கால் பாயும் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனியாக இருக்கிறார். 1977 மார்ச்சில் முதல் ஓட்டுப் போட்டவர். அன்றிலிருந்து உள்ளாட்சித் தேர்தல் உட்பட ஒன்றைக்கூட விட்டதில்லை. அன்று விடியும் முன்பே தலைக்குக் குளித்து, சலவைச் சேலை கட்டி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் போய் வரிசையில் நிற்பார். போட்டுவிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீடு திரும்புவார். 2011 ஏப்ரலில் கணவர் இறந்து கருமாதி முடியாத வீட்டிலிருந்தும் கிளம்பிப் போனார். பங்காளி வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்களாம். "இன்னிக்கு வேண்டாம்மா" என்று தடுத்த மகளிடம் அவர் சொன்னது: "பட்டா உங்கப்பன் பேருல. கரண்டு பில்லு உங்கப்பன் பேருல. என்ர பேருல வர்ற சீட்டு இது ஒண்ணுதான் கண்ணு."

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் சாளையில் கூடியிருந்தபோது, பட்டிப் பொங்கலன்று சண்டை வந்திருக்கிறது. வாசகியின் மகன் 19 வயது, கோவையில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவே மாட்டேன் என்கிறான். "அம்மாயி, நீ இத்தனை வருசம் போட்டியே, என்ன மாறிப்போச்சு?" என்று கேட்டுவிட்டான். அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். அதற்கப்புறம் பேரனிடம் பேசவில்லை.

வாசகி கேட்பவை: மகனை ஓட்டுப் போட வைக்கச் சட்டத்தில் வழி உண்டா? (ஓட்டுப் போடாவிட்டால் பாஸ்போர்ட் கிடைக்காது என்று மிரட்டியும் பார்த்துவிட்டாராம்.) முட்டி வலியால் நடக்க முடியாத அம்மாவுக்கு ஓட்டு வீட்டுக்கே வருமா, இல்லை கூடப்போய் நானே பட்டனை அழுத்தலாமா? பெங்களூருவில் இருக்கும் தம்பிக்கு அங்கும் அட்டை, இங்கும் பெயர், அதில் தவறுண்டா? கடைசியாக, அம்மாவுக்குத் தெரியாத ஒன்று: போன தேர்தலில் கட்சிக்காரர்கள் காசு வைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய உறையை வாசகி வீட்டில் வாங்கிக்கொண்டார்கள், வாங்கிய காசுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று அந்தச் சின்னத்துக்கே வாசகி ஓட்டும் போட்டார்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மா சொன்ன அந்த வரியை எத்தனையோ முறை படித்துவிட்டேன். முப்பது வருடமாக ஈரோட்டில் சொத்து வழக்கும் குடும்ப வழக்கும் பார்க்கிறேன். காட்டில் பாதி வேலையைச் செய்த பெண்ணின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாத வழக்குகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். இதை "அம்மாவின் பழக்கம்" என்றும் ஓரிடத்தில் "அம்மாவின் பிடிவாதம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொல்லும் எனக்குப் பொருந்தவில்லை.

1921-ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தபோதுகூடச் சொத்து, வரி என்று தகுதி பார்த்தார்கள். உங்கள் அம்மாவைப் போலத் தன் பெயரில் ஒரு சென்ட் நிலமும் இல்லாதவருக்கு அதில் இடமில்லை. சுதந்திரத்துக்குப் பின் நடந்த முதல் பொதுத்தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு என்று வந்தது. அப்போதும் வட மாநிலங்களில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. சொந்தப் பெயரைச் சொல்லாமல், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே அவர்கள் பதிவாகியிருந்தார்கள். உங்கள் அம்மா இதையெல்லாம் படித்திருக்க வேண்டியதில்லை. பட்டா, கரண்டு பில் என்று வரிசையாக எண்ணிப் பார்த்து, அதே இடத்துக்குத் தானாக வந்து சேர்ந்திருக்கிறார்.

அதனால் அவர் ஓட்டைப் பத்திரப்படுத்துவதுதான் முதல் வேலை. மகன் விஷயம் அப்புறம்.

அம்மாவின் ஓட்டு

வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடும் வசதி இப்போது 85 வயது தாண்டியவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் இருப்பதாகச் சான்றிதழ் உள்ளவர்களுக்கும்தான். முன்பு 80 வயது என்றிருந்ததை 2024-ல் 85 ஆக்கிவிட்டார்கள். 71 வயது, முட்டித் தேய்மானம் என்ற அளவில் அவருக்கு இது கிடைக்காது. உண்மையிலேயே நடக்க முடியாத நிலை என்றால் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப்போய்ச் சான்றிதழ் வாங்குங்கள். சான்றிதழ் இருந்தால், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும். ஆனால் அம்மாவிடம் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். வரிசையில் நிற்பது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் பட்டனை அழுத்தலாமா? கூடாது. கண் தெரியாமலோ உடல் பலவீனத்தாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பட்டனை அழுத்தவோ முடியாதவர்களுக்குத்தான் துணையாள் உண்டு. அந்தத் துணையாள் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், அன்று வேறொருவருக்குத் துணையாக வரவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும், ரகசியத்தைக் காக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு முட்டிதான் வலிக்கிறது. கண்ணும் விரலும் நன்றாக இருக்கின்றன. கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துப் போய் உட்காரவையுங்கள், சக்கர நாற்காலி கேளுங்கள். மறைப்புக்குப் பின்னால் அவர் தனியாகத்தான் நிற்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவரை யாரும் எதுவும் கேட்காத இடம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஊரில் கட்சிக்காரர்கள் அனுப்பும் வேனில் ஏற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேட்பாளர் தரப்பு வண்டி பிடித்து வாக்காளர்களை இலவசமாக ஏற்றிப்போவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை. ஏறுகிறவர்மேல் வழக்கு வராது. ஆனாலும் உங்கள் அம்மா யாருடைய வேனிலும் போய் இறங்க வேண்டியதில்லை. ஒரு ஆட்டோ பேசுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, அதற்குப் பின் டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று ஏராளமான பெயர்கள் எடுக்கப்பட்டிருந்தன. அட்டை கையில் இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. பழைய தேர்தல் ஒன்றில், வழக்குக்காக என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு விதவைத் தாய் காலை எட்டு மணிக்கு வாக்குச்சாவடி வாசலிலிருந்து போன் செய்தார். அதே தெருவில் அதே பெயருள்ள இன்னொருவர் இறந்ததில் இவர் பெயரை அடித்துவிட்டார்கள். அன்று என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த அம்மா அழுத அழுகைக்காகத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது ஊர் வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் போய்ப் பாருங்கள். பெயர் விட்டுப்போயிருந்தால் படிவம் 6. அதை மறுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது.

தம்பியின் இரண்டு பதிவு

2024 ஏப்ரல் 19 அன்று அம்மா உங்கள் தம்பியின் பூத் சிலிப்பை மடியில் வைத்துக்கொண்டு மாலை ஆறு மணி வரை வாசலில் உட்கார்ந்திருந்ததை எழுதியிருக்கிறீர்கள். பெங்களூருவில் 26-ஆம் தேதிதான் தேர்தல், அதனால் 19-ஆம் தேதி லீவு கிடையாது என்று தம்பி சொன்னது சரியல்ல. ஓட்டுப் போடும் நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தொகுதிக்கு வெளியே வேலை பார்ப்பவருக்கும் இது பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் யூனிட்டில் தைக்கும் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தம்பியின் உண்மையான சிக்கல் வேறு. ஒருவர் ஒரே ஒரு தொகுதியில்தான் வாக்காளராக இருக்க முடியும். சொந்த ஊரில் வீடும் தோட்டமும் இருப்பதால் மட்டும் அங்கே ஓட்டுரிமை வந்துவிடாது. எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கேதான். பெங்களூருவில் புதிதாகச் சேர்ந்தபோது, வேறெங்கும் பெயர் இல்லை என்று உறுதிமொழி கொடுத்திருப்பார். பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இடம் மாறியவர் படிவம் 8 கொடுத்திருந்தால் பழைய இடத்துப் பதிவும் கூடவே மாறியிருக்கும். இப்போது பழைய பதிவை நீக்கப் படிவம் 7 கொடுத்துவிடட்டும். நவம்பரில் வந்த கணக்கெடுப்புப் படிவத்தில் தம்பிக்கும் சேர்த்து அம்மாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். மகன் பெயர் ஊரில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் செய்திருக்கிறார், எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது அவர் போடக்கூடாத கையெழுத்து. தம்பி தானாக நீக்கிக்கொண்டால் பேச்சு அத்தோடு முடியும். இந்தச் செய்தியை அம்மாவிடம் தம்பியே நேரில் வந்து சொல்லட்டும். போனில் வேண்டாம்.

வாங்கிய உறை

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. கொடுத்தவர்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவில் கொடுப்பது, வாங்குவது இரண்டுமே லஞ்சம்தான். 173-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நடைமுறையில் வாங்கியவர்மேல் வழக்குப் போடுவது அபூர்வம். ஆனால் நம் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியை மறந்துவிடாதீர்கள். 2016-ல் பணம் விளையாடியதால் அங்கே தேர்தலையே ரத்து செய்து, நவம்பரில் மறுபடி நடத்தினார்கள். வாங்காதவர்களின் தேர்தலும் சேர்ந்துதான் ரத்தானது.

என்னை அதிகம் வருத்தியது, வாங்கிய காசுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அதுதான். குற்றமான ஒப்பந்தம் யாரையும் கட்டாது. கைமாத்து வாங்கினால் திருப்பிக் கொடுப்பது நம் பக்கத்து நாணயம். இது அந்தக் கணக்கில் சேராது. அடுத்த முறை வாங்காதீர்கள். வாங்கியதற்காக இத்தனை நாள் வதைபட்டது போதும்.

மகன்

பாஸ்போர்ட் மிரட்டலை இன்றே திரும்பப் பெறுங்கள். ஓட்டுப் போடாவிட்டால் பாஸ்போர்ட் போகாது, ரேஷன் போகாது, அம்மாவின் பென்ஷன் போகாது. ஓட்டுப் போடவில்லை என்பதற்காகப் பட்டியலிலிருந்து பெயரையும் எடுக்க மாட்டார்கள். இந்தியாவில் ஓட்டுப் போடுவது கட்டாயமில்லை. ஒரு பொய்யை அவன் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டான்.

அவனுக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தால் மறுதேர்தல் வரும், அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்கிறானே, அப்படி நடக்காது. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வந்த நோட்டா, யாரையும் பிடிக்கவில்லை என்பதை ரகசியமாகச் சொல்ல ஒரு வழி மட்டுமே. நோட்டா எத்தனை வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயிப்பார்.

அரசியல் என்றாலே வேண்டாம் என்கிற பையன் என்று எழுதிவிட்டு, அதே பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நண்பர்களோடு குளம் சுத்தம் செய்யப் போகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவனை அக்கறையில்லாதவன் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அம்மாயியிடம் அவன் கேட்டது நியாயமான கேள்வி. கேட்ட இடமும் விதமும்தான் தப்பு.

அதற்கு நானும் நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். நொய்யலில் சாயக்கழிவு கலந்ததற்கு எதிராக விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தி, 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. திருப்பூரில் தொழில் செய்யும் உங்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். அதை ஓட்டு செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். அத்திக்கடவு – அவிநாசித் திட்டமோ அறுபது வருடத்துக்கு மேல் கேட்ட கோரிக்கை. 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடும் அந்தத் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. உண்ணாவிரதம், மனு, ஊர்க்கூட்டம் எல்லாம் நடந்தன. ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுக் கேட்டு வந்தவர்களை நிறுத்தி அதையே கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் நின்று பதில் சொன்னதற்குக் காரணம், கேட்டவர்களின் கையில் ஓட்டு இருந்ததுதான். ஓட்டு மட்டும் போதும் என்று உங்கள் அம்மாவும் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

இனி, தொகுதிப் பெயரை ஏன் மறைக்கவில்லை என்று சொல்கிறேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் அதே மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளர்கள். தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் வேட்புமனு கொடுத்தார்கள். தேர்தலைத் தள்ளிவைத்தார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். உங்கள் அம்மாவுக்கு அப்போது நாற்பது வயது சொச்சம். அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் அவர் முத்திரை குத்தியிருப்பார். உங்கள் மகன் தன் அம்மாயியிடம் அதைக் கேட்டிருக்கிறானா? அந்த வருடமே சட்டத்தைத் திருத்தி, சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். எல்லாம் ஒன்றுதான், எவனும் வேண்டாம் என்று இவன் இன்று சொல்வதை, அன்று அந்த ஊர்க்காரர்கள் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டே நாடு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்கள். பெயர் இல்லாதவன் வேட்பாளராகக்கூட நிற்க முடியாது.

25 வருடம் கழித்து, 2021-ல், அதே தொகுதியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது 281 ஓட்டு. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதை விடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒரு வாக்குச்சாவடியின் வரிசையில் அதற்கு மேல் ஆள் நிற்பார்கள்.

அவனிடம் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்பேன். பெயர் சேர்ப்பது வேறு, ஓட்டுப் போடுவது வேறு. படிவம் 6 கொடுத்தால் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். கொடுக்காவிட்டால், தேர்தலுக்கு முந்தின வாரம் மனசு மாறினாலும் உள்ளே போக முடியாது. வாசலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். மாணவன் என்பதால் திருப்பூர் வீட்டு முகவரியிலும் சேரலாம், கல்லூரியின் சான்றோடு விடுதி முகவரியிலும் சேரலாம். இரண்டில் ஒன்று. மாமன் செய்த தவறை இவனும் செய்ய வேண்டாம். படிவத்தை அவனே நிரப்பட்டும், கையெழுத்து அவனுடையதாக இருக்கட்டும். போடுவதா வேண்டாமா, யாருக்கு என்பதை நீங்கள் கேட்கவே கூடாது. அம்மாயிக்காகப் போடு என்றும் சொல்லாதீர்கள். தன் சீட்டை இன்னொருவர் சொல்லிப் போடுவதை அவரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

அம்மாயி ஊரில் 2025 சனவரியிலிருந்து தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. பதவிக்காலம் முடிந்து ஊராட்சி தனி அலுவலர் கையில் இருக்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் இப்போது யாரிடம் போய் நிற்கிறார் என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். தேர்தல் நடக்காத ஊர் எப்படி இருக்கிறது என்பதை நான் எழுதுவதைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

அதற்கு முதலில் இருவரும் பேச வேண்டுமே. அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டால் நல்லதுதான். இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் போகாமல் சாளைக்குப் போகட்டும். 2011-ல் தாத்தா கருமாதிக்கு முன்னால் எப்படிக் கிளம்பினாய், யார் கூட வந்தார்கள், வரிசையில் ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கட்டும். சிறு பையனாக அவனும் அந்த வீட்டில் இருந்திருப்பான். ஓட்டுப் போடும் நாளன்று ஆட்டோவில் அம்மாயி பக்கத்தில் அவனை உட்கார வையுங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்தனுப்புங்கள். போட்டு முடிக்கும் வரை அவர் குடிக்க மாட்டார். வெளியே வந்ததும் கேட்பார்.